நிற்கும் வண்டிக்கும் காவல் வேண்டும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, எங்கள் ஊராகிய தொப்பூரை அடைந்ததும் மலைகளுக்கிடையே புகுந்து சரிவில் இறங்குகிறது. இதுவே தொப்பூர்க் கணவாய். வடக்கே ஸ்ரீநகரையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. பாரம் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக இவ்வழியே இறங்கிய வண்ணம் இருக்கும். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலும், 2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலும் இந்தச் சரிவில் நேர்ந்த விபத்துகளில் நான்கு நான்கு உயிர்கள் மாண்டன. அவர்களைப் போல் பலியானோர் இன்னும் பலர். ஆகவே மோட்டார் வண்டி, ஓட்டுநர் உரிமம், இன்ஷூரன்ஸ் என்னும் சொற்கள் எங்கள் ஊராருக்கு ஏட்டுச் சொற்கள் அல்ல. அன்றாடம் புழங்கும் சொற்கள்.

எங்கள் ஊரில் ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய கணவர் பல ஆண்டுகள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின், ஒரு பழைய வேனை விலைக்கு வாங்கி, அதை ஓடும் வீடாக மாற்றி அமைத்தார். படுப்பதற்கு இரண்டு பலகைகள், மடக்கு மேசை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு, விசிறி யாவும் அதில் உண்டு. சினிமாக்காரர்கள் ‘கேரவன்’ என்று சொல்வார்களே, அதன் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியுமாகப் பழனி, இராமேசுவரம், திருச்செந்தூர் என்று க்ஷேத்திரங்களைத் தரிசித்து வந்தனர். ஒரு நாள் அந்தப் பெரியவர் மறைந்தார். வேலியடைத்த தோட்டத்தில், புளிய மரத்தடியில், வண்டி நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சில தினங்களில் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். “ஐயா, வண்டி இனி என் பேருக்கு வர வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது, லைசென்சும் கிடையாது. என் பேரில் இன்ஷூரன்ஸ் கட்ட முடியுமா? ஓடாமல் நிற்கிற வண்டிக்குக் கட்டத்தான் வேண்டுமா?” என்று வினவினார். நான் சற்றும் யோசியாமல், “லைசென்ஸ் இல்லாதவருக்கு எப்படியம்மா இன்ஷூரன்ஸ் கொடுப்பார்கள்?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தெரியாத கேள்விக்குத் தெரிந்தவன் போல் விடை சொல்லும் மாணவனை எத்தனை முறை கண்டித்திருப்பேன்! அதையே நானும் செய்துவிட்டேன். மறுநாள் மோட்டார் வாகனச் சட்டத்தையும் அந்தப் பழைய பாலிசியையும் வரவழைத்து எழுத்தெண்ணிப் படித்தேன். நான் சொன்னது முற்றிலும் தவறு என்று தெரிந்தது. அந்தத் தவற்றைத் திருத்திக்கொண்ட கதையே இன்றைய பேச்சு.

முதற்கண் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓட்டுநர் உரிமம் என்பது ஒருவருடைய திறமைக்கு அரசு தரும் சான்று. இன்ஷூரன்ஸ் என்னும் காப்பீடு, ஒருவருக்கு நேரக்கூடிய நஷ்டத்திற்கு ஈடு தருவதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். முன்னது ஓட்டுபவரைச் சேர்ந்தது. பின்னது உடையவரைச் சேர்ந்தது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

காப்பீட்டின் வரலாற்றைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். காப்பீடு செழித்து வளர்ந்தது கடல் வாணிகத்தில். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மாநகரில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் முதலாளிகளும் வணிகர்களும் கூடி, கப்பலுக்கும் சரக்குக்கும் காப்புப் பேசினர். அவர்களுள் எத்தனை பேருக்குச் சுக்கான் பிடிக்கத் தெரிந்திருக்கும்? மாலுமி வேறு, மரக்கலம் உடையவர் வேறு. மரக்கலம் மூழ்கினால் பொருள் இழப்பவர் யாரோ, அவரே காப்புக்கு உரியவர். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் பிறர் கப்பலின் மேல் காப்பு எடுத்தால் அது சூதாட்டம் ஆகிவிடும் என்று கருதி, 1745-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. இதிலிருந்து பெறப்படும் கொள்கையைக் ‘காப்பீட்டு நலன்’ என்பர். ஒரு பொருள் அழிந்தால் எனக்கு நஷ்டம் உண்டா என்பதே கேள்வி. அந்தப் பொருளை இயக்க எனக்குத் தெரியுமா என்பது கேள்வி அன்று. தோட்டத்து வேன் தீப்பற்றினால் அம்மையாருக்கு நஷ்டம். ஆகவே அவருக்குக் காப்பீட்டு நலன் உண்டு. காப்பு எடுக்கும் உரிமையும் உண்டு.

அப்படியானால் விண்ணப்பப் படிவத்தில் உரிமத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்? இதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் வண்டியின் உரிமையாளர் தாமே ஓட்டிச் சென்று விபத்துக்குள்ளானால், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ தொகை கிடைக்கும்படி ‘உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு’ என்று ஒரு பகுதி உண்டு. 2018-ஆம் ஆண்டில் இதன் தொகை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. செல்லத்தக்க உரிமம் உடைய உரிமையாளருக்கே இது பொருந்தும். உரிமம் இல்லாதவர், “எனக்கு உரிமம் இல்லை” என்று உண்மையை எழுதிக் கொடுத்தால் இந்தப் பகுதிக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. மற்றப் பகுதிகளுக்கு அதனால் தடையும் இல்லை. ஒரு பகுதிக்குரிய கேள்வியை முழுமைக்கும் உரிய நிபந்தனையாக எண்ணியதே என் தவறு. பிரிட்டன் முதலிய சில நாடுகளில் ஓட்டப்போகிறவர் யார், அவருடைய வயதும் அனுபவமும் என்ன என்பவற்றைப் பார்த்துக் கட்டணம் விதிக்கும் வழக்கம் உண்டு. ஆதலால் அங்கே உரிமம் இல்லாதவர் காப்பு எடுப்பது சற்றுக் கடினம். இங்கே பொதுவாக வண்டியின் வகை, வயது, மதிப்பு ஆகியவையே கணக்கு.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஓடாத வண்டிக்குக் காப்பு அவசியமா?

மோட்டார் விபத்தில் அடிபட்ட அயலாருக்கு ஈடு கிடைப்பதற்காகக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது, பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம். நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்து அதே கடமையை விதித்தது. அதற்குப் பதிலாக வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு இன்று அந்தக் கடமையைச் சொல்கிறது. அதன் சாரம் யாதெனில், மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்கு ஈடு செய்யும் காப்பு இல்லாமல், எவரும் பொது இடத்தில் மோட்டார் வண்டியைப் பயன்படுத்தவோ, பிறரைப் பயன்படுத்தவிடவோ கூடாது என்பது. மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

மாணவர்களே, ‘பொது இடம்’, ‘பயன்படுத்துதல்’ என்னும் இரண்டு சொற்களையும் ஊன்றிக் கவனியுங்கள். பொதுமக்கள் சென்று வர உரிமையுள்ள இடமெல்லாம் பொது இடமே என்கிறது சட்டம். வீட்டு வாசலில் தெரு ஓரமாக நிறுத்திய வண்டி நம் வீட்டைச் சேர்ந்தது என்று நாம் நினைக்கலாம். அது நிற்கும் இடமோ பொதுத் தெரு. வேலியடைத்துப் பூட்டிய சொந்தத் தோட்டத்தின் கதை வேறு.

அடுத்து, நிற்கிற வண்டி ‘பயன்படுத்தப்படாத’ வண்டி என்று சொல்லிவிட முடியுமா? 1987-ஆம் ஆண்டில் புனே–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டாங்கர் லாரியொன்றுடன் மோதிச் சாலையை விட்டு இறங்கிச் சாய்ந்தது. பெட்ரோல் கசிந்துகொண்டே இருந்தது. சில மணி நேரம் கழித்துத் தீப்பற்றி வெடித்ததில், அங்கே கூடியிருந்தவர்கள் பலர் இறந்தனர். வண்டி அப்போது ஓடவில்லையே, ஆகவே அது ‘பயன்பாட்டில்’ இல்லை என்று வாதிக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஓடினால்தான் பயன்பாடு என்பதில்லை. அசையாமல் கிடக்கும் வண்டியும் பயன்பாட்டில் இருக்கக்கூடும் என்று தீர்ப்பளித்தது. நிற்கும் வண்டியும் பிறரைக் கொல்லக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, பூட்டிய தோட்டத்துக்குள் வண்டி நிற்கும் வரை 146-ஆம் பிரிவின் கடமை அம்மையாரைப் பற்றாது என்று கொள்ளலாம். ஆனால் பழுது பார்க்கும் பட்டறைக்கு அதைக் கொண்டுபோக வேண்டுமானால், சாலையில் சக்கரம் பதியும் அந்தக் கணத்திலேயே கடமை வந்துவிடுகிறது. இந்த ஐயத்திற்கே இடமின்றிப் பிரிட்டனில் 2011 முதல் ஒரு விதி உண்டு. பதிவான வண்டிக்கு எப்போதும் காப்பு இருக்க வேண்டும். இல்லையேல், “இது சாலைக்கு வாராது” என்று அரசுக்கு முறைப்படி அறிவித்திருக்க வேண்டும்.

சட்டக் கடமை ஒருபுறம் இருக்க, நமக்கு நேரக்கூடிய இழப்பு ஒன்று இருக்கிறது. நிற்கும் வண்டி மரத்தில் மோதாது. மரம் அதன்மேல் விழலாம். பள்ளத்தில் உருளாது, வெள்ளம் புகலாம். திருடர் தள்ளிக்கொண்டு போகலாம், தீப்பற்றலாம். இவற்றிற்கு ஈடு வேண்டுமானால் மூன்றாம் நபர் காப்பு மட்டும் போதாது. சொந்தச் சேதக் காப்பும் சேர்ந்த முழுமைப் பாலிசி வேண்டும்.

முழுமைப் பாலிசி உடையவர் தம் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, “இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை ஓட்டமாட்டேன்” என்று நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்து, பாலிசியில் மேற்குறிப்புப் பெறும் முறை ஒன்று நம் நாட்டு மோட்டார் காப்பீட்டில் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு, கலகம், புயல், வெள்ளம் முதலியவற்றால் வண்டிக்கு வரும் சேதத்திற்கு மட்டும் காப்பு நிற்கும். மற்றப் பொறுப்புகள் யாவும் நிறுத்தி வைக்கப்படும். அதற்கு ஈடாக அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிக்கப்படும். எச்சரிக்கை ஒன்று: அந்தக் காலத்தில் மூன்றாம் நபர் காப்பும் உறங்குகிறது. நிறுவனத்துக்குத் தெரிவித்து அதை மீண்டும் எழுப்பாமல் வண்டியை வெளியே எடுத்தால், காப்பே இல்லாத வண்டியை எடுத்ததற்கு ஒப்பாகும்.

காப்பு எடுக்கையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டி தொலைந்தால் கிடைப்பது அதை வாங்கிய விலை அன்று. ‘காப்பீடு செய்தவர் அறிவித்த மதிப்பு’ எனப்படும் தொகையே. ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து இதைக் கணக்கிடுவர். நான்கு ஆண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் இருக்கும் வண்டிக்கு 50 சதவீதம் கழியும். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு இரு தரப்பாரும் பேசி மதிப்பை முடிவு செய்வர். வண்டிக்குள் பின்னர் பொருத்திய மின்விசிறி, குளிர்ப்பெட்டி போன்றவற்றைத் தனியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால்தான் அவற்றிற்கு ஈடு கிடைக்கும். வேனை ஓடும் வீடாக மாற்றிய செய்தி பதிவுச் சான்றிலும் ஏறியிருக்க வேண்டும். பதிவுக்கு மாறான உருவத்தில் வண்டியை வைத்திருப்பதை 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

நின்றதனால் டயர் வெடிப்பதும் பாட்டரி சாவதும் தேய்மானமே. அதற்கு ஈடு இல்லை. உரிமையாளர் தம் பொருளைத் தக்கவாறு பாதுகாக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. எரிவாயு உருளையைக் கழற்றி வைப்பதும், பாட்டரி இணைப்பை நீக்குவதும், கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள் வைப்பதும் உடையவர் கடமை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள். அணை கட்டிவிட்டோம் என்று கரையைக் கவனியாமல் விடுவதும் தவறு.

பாலிசியைக் காலாவதியாக விடுவதிலும் நஷ்டம் உண்டு. ஓராண்டு இழப்பீடு கோராதவருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. அது ஆண்டுதோறும் வளர்ந்து 50 சதவீதம் வரை செல்லும். காலாவதியாகி 90 நாள் கடந்தால் அத்தனையும் போய்விடும்.

கணவர் இறந்தபின் அந்தப் பாலிசியின் கதி என்ன என்று அம்மையார் கேட்டார். உரிமையாளர் இறந்தவுடன் பாலிசி அற்றுப்போவதில்லை. மூன்று மாதமோ, பாலிசி முடியும் நாளோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை அது நிலைத்திருக்கும். அதற்குள் வாரிசு, இறப்புச் சான்று முதலியவற்றோடு விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். கணவர் சேர்த்து வைத்த தள்ளுபடியும் சட்டப்படியான வாரிசுக்குச் சேரும். வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்த எண்ணினால், இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதிவை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இவற்றுள் எந்த இடத்திலும் “உனக்கு ஓட்டத் தெரியுமா?” என்னும் கேள்வி குறுக்கே நிற்பதில்லை. அம்மையார் உரிய நாளுக்குள் விண்ணப்பித்தார். பத்திரம் அவர் பெயருக்கு வந்தது.

இத்துடன் கதை முடியவில்லை. அம்மையாருடைய அண்ணன் மகன் கல்லூரி மாணவன், என்னிடம் படித்தவன். பத்தொன்பது வயது, உரிமம் இல்லை. “அத்தை, இன்ஷூரன்ஸ்தான் வந்துவிட்டதே! வண்டியைச் சேலம் வரை ஓட்டிப் பார்க்கிறேன்” என்று சாவியைக் கேட்டானாம். அம்மையார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவனை என்னிடம் அழைத்து வந்துவிட்டார்.

நான் பாலிசியை அவன் கையில் கொடுத்து, ஓட்டுநர் பற்றிய வாசகத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். எவர் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் ஓட்டுபவர் விபத்து நேரத்தில் செல்லத்தக்க உரிமம் உடையவராக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். படித்ததும் அவன் குரல் தாழ்ந்தது. உடையவருக்கு உரிமம் வேண்டாம் என்று பரிவு காட்டிய அதே பத்திரம், ஓட்டுபவரிடம் கண்டிப்பாக இருக்கிறது!

“நீ ஓட்டி யாராவது அடிபட்டால் என்ன ஆகும், தெரியுமா?” என்று கேட்டேன். 2004-ஆம் ஆண்டில், ஸ்வரண் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் இத்தகைய நிலையைத் தெளிவாக்கியது. ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் நிறுவனம் தப்பிவிட முடியாது. உரிமையாளர் கவனக்குறைவாக நடந்து நிபந்தனையை மீறினார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். அப்படி மெய்ப்பித்தாலும், அடிபட்ட அயலாருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றம் பணிக்கலாம். ஆகவே, தெரிந்தே சாவியைக் கொடுத்த அத்தையின் வீட்டுக் கதவைத்தான் நிறுவனம் வந்து தட்டும். கணவர் விட்டுச்சென்ற காணி நிலம் அதோடு போய்விடும். அன்றியும், உரிமம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்த குற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ தனியே உண்டு. ஓட்டுபவர் பதினெட்டு வயது நிரம்பாதவரானால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பின்பு, “ஐயா, இந்தப் பத்திரம் அத்தைக்காகவா, அடிபடுகிறவருக்காகவா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. இருவருக்காகவும்தான். தீயும் திருட்டும் பற்றிய பகுதி அத்தைக்காக. மூன்றாம் நபர் பகுதியோ, நாம் பெயரறியாத ஒருவருக்காக. தொப்பூர்ச் சரிவில் நம் வண்டிக்கு எதிரே வருகிற யாரோ ஒரு தகப்பனுக்காக, சாலையோரம் தேநீர் அருந்தி நிற்கும் யாரோ ஒரு கூலியாளுக்காக, இன்னும் நமக்கு நேராத ஒரு விபத்துக்காக, நாம் முன்கூட்டியே செலுத்தும் கடன் அது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 முதல் 1,500 கன சென்டிமீட்டர் வரை எஞ்சின் அளவுள்ள சொந்தக் காருக்கு ஓராண்டு மூன்றாம் நபர் கட்டணம், வரி நீங்கலாக, 3,416 ரூபாய். நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாயைவிடக் குறைவு. அயலான் ஒருவன் உயிரிழந்தாலோ உடல் ஊனமுற்றாலோ, நீதிமன்றம் விதிக்கும் பெருந்தொகைக்கு இச்சிறுதொகை துணை நிற்கிறது.

மாணவ மாணவியரே, உங்கள் வீட்டில் வண்டி இருந்தால் இன்றே அதன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது, என்று முடிகிறது, எதற்குக் காப்பு உண்டு, எதற்கு இல்லை, ஓட்டுபவரைப் பற்றி என்ன சொல்கிறது என்னும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கிழவன் ஒரு நாள் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது பழகுநர் உரிமம் பெற்று, முறைப்படி வண்டி ஓட்டப் பயின்று வருகிறான். வேன் இன்னும் புளிய மரத்தடியில்தான் நிற்கிறது. அம்மையார் வாரம் ஒருமுறை அதைத் துடைத்து வைக்கிறார். அவன் தேறி உரிமம் பெற்றபின், முதலில் பழனிக்குப் போவதாக அத்தையும் மருமகனும் பேசி வைத்திருக்கிறார்கள்.